ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்

விஜயாவின் வீட்டுக் கொடிக்கயிறு ஒரே மாதத்தில் நான்காவது முறையாகத் தொய்ந்தது.

கயிற்றின் ஒரு முனை வீட்டின் பின்சுவரில் அடித்த ஆணியில் இருந்தது. மறுமுனை, பின்னால் செங்குத்தாக நிற்கும் மண்சரிவில் செருகிய இரும்புக் குழாயில். முதல் முறை தொய்ந்தபோது ஈரப் போர்வையின் கனம் என்று நினைத்து இழுத்துக் கட்டினாள். இரண்டாம் முறை கயிறு விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டே கட்டினாள். மூன்றாம் முறை யாரையும் திட்டவில்லை. நான்காம் முறை, கட்டியது போக மிஞ்சிய கயிற்றைக் கத்தியால் வெட்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு விரல் நீளம்.

"என்ன இது?" என்றான் சுரேந்திரன்.

"மலை. இந்த மாசம் இவ்வளவு வந்திருக்கு. ரசம் ஊத்தவா?"

அவன் ரசம் வாங்கிக்கொண்டான். கட்டபெட்டுக்குக் கீழே, பழைய எஸ்டேட் லைனில், பத்து வீடுகள் ஒரே வரிசையில் நிற்கும். பதினொன்றாவது மட்டும் தள்ளி, சரிவுக்கு நேர் அடியில். அந்தப் பதினொன்றில்தான் அவனும் விஜயாவும் பத்தாவது படிக்கும் மகள் பிரியாவும் இருந்தார்கள். மூவரும் தலை வைத்துப் படுப்பது பின்சுவர்ப் பக்கம்.

சுரேந்திரன் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். பச்சை இலையைப் பரப்பி வாட வைக்கும் நீளத் தொட்டியில் இலை எவ்வளவு உயரம் குவிந்திருக்கிறது என்று பார்க்க, அவனே ஒரு சாமான் செய்து வைத்திருந்தான். நகம் அளவுக்கு ஒரு லேசர் சென்சார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு. நம்பர் காட்ட ஒரு குட்டித் திரை. எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டரி. சென்சாரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி புறப்பட்டுப் போய் எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பும். போய்வந்த நேரத்தைக் கணக்கிட்டு போர்டு தூரத்தைச் சொல்லும், மில்லிமீட்டரில். அதில் இன்னொரு செட் அவனிடம் உபரியாக இருந்தது.

அதைப் பின்சுவரில், ஓட்டுக்கு அடியில் பொருத்தினான். எதிரே சரிவில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த தகரத்தை அறைந்தான். பனிமூட்டம் வந்தால் ஒளி மூட்டத்திலேயே முட்டித் திரும்பி, மலை வாசலுக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. சென்சார் முகத்துக்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மாட்டினான். ஐம்பது முறை அளந்து, ஒட்டாத நம்பர்களைத் தள்ளிவிட்டு, நடு நம்பரை மட்டும் காட்டும்படி புரோகிராமைத் திருத்தினான். அதற்குப் பிறகு அது பொய் சொல்லவில்லை.

முதல் நாள் 2914. பதினோராம் நாள் 2881.

பத்தாம் வீட்டுத் தங்கையா வந்து திரையை எட்டிப் பார்த்தார். சிலோனில் பிறந்து, சிறு வயதில் கப்பலேறி வந்தவர். அலுவலகம் என்பது அவருக்கு இன்றைக்கும் கந்தோர்தான்.

"கந்தோருக்குப் போ தம்பி. ஸ்கூல் சாவி அவனுங்ககிட்டதான் இருக்கு."

கீழே, மூடிப்போன ஆரம்பப் பள்ளி ஒன்று இருந்தது. சிமெண்ட் தரை, கம்பி ஜன்னல், சமதளம். வீடு ஆபத்தில் இருக்கிறது என்று சான்று கிடைத்தால் அங்கே குடிவைப்பார்கள். சான்று இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கினால், தாமாகவே கைவிட்டுப் போனதாக எழுதி வீட்டு நம்பரையே அடித்துவிடுவார்கள். ஏழாம் வீட்டு ஜாபேஸ் குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது. ஒரு வாரம் மழைக்கு ஒதுங்கப் போனார்கள். திரும்பி வந்தபோது ஏழுக்குப் பிறகு எட்டு இல்லை, ஆறுக்குப் பிறகே எட்டு.

சான்று வழங்கும் அதிகாரம் பெற்ற இடம், ஊட்டி காந்தலில் இருந்த சரிவு இடைவெளி அளவைப் பிரிவு.

*

அலுவலகத்தின் நடுக்கூடத்தில் கண்ணாடி பீரோ இருந்தது. அதற்குள் பட்டுத்துணி மேல், சந்தனப் பொட்டு வைத்த ஒரு அளவு டேப். அதற்குப் பெயர் தாய் டேப். பிரிவில் உள்ள மற்ற டேப்புகளெல்லாம் அதன் குழந்தைகள். குழந்தைகள் சரியா என்று தாயை வைத்துப் பார்ப்பார்கள். தாய் சரியா என்று பார்க்கும் வழக்கம் இல்லை. பீரோ சாவி பல வருடங்களுக்கு முன் மாற்றலாகிப் போன ஒருவருடன் போய்விட்டதால், குழந்தைகளைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து, உள்ளே இருப்பதோடு உத்தேசமாக ஒப்பிட்டார்கள்.

பிரிவு அதிகாரி சிவகுரு, பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். காது மறைத்த மப்ளரும் கனிந்த குரலுமாக இருந்தார்.

"உக்காருங்க தம்பி. மலை வருதுன்னு மனு எழுதியிருக்கறீங்க. யாருங்க அளந்தது?"

"சென்சாருங்க சார்."

"அவரு எந்த டிபார்ட்மெண்ட்டு?"

சுரேந்திரன் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த போர்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். ஒளி போவதையும் திரும்புவதையும் விளக்கினான். சிவகுரு பொறுமையாகக் கேட்டார்.

"வெளிச்சம் போகுது. சரிங்க. போனதை நீங்க பாத்தீங்களா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க சார்."

"அப்புறம் போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"திரும்பி வருதுங்களே."

"திரும்பி வந்ததைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

சிவகுரு பக்கத்து மேஜையில் இருந்த எழுத்தர் சுகந்தியைப் பார்த்தார். "எழுதிக்கம்மா. போனதுக்கும் சாட்சி இல்லை, வந்ததுக்கும் சாட்சி இல்லை."

சுகந்தி எழுதிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நான் கோத்தகிரி போயிட்டு வந்தேன்னா டூர் டைரி எழுதறேன். எத்தனை மணிக்குக் கிளம்பினேன், யாரைப் பாத்தேன், எங்க சாப்பிட்டேன், எல்லாம். போகாத நாளைக்கும் எழுதறேன். அதுதானுங்க ஒழுங்கு. உங்க வெளிச்சம் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போயிட்டு வருதுங்கறீங்க. ஒரு தடவைக்காவது டைரி எழுதியிருக்குதா?"

"இல்லைங்க சார்."

"இருபத்தாறு வருசம் சர்வீஸுங்க எனக்கு. இந்த மாவட்டத்துல ஒரு மலை நகந்ததா நான் கையெழுத்துப் போட்டதில்லை. முன்ன இருந்தவரு ரெண்டு மலைக்குப் போட்டாரு. என்னாச்சு? ரெண்டு மலையும் வந்துச்சு. கையெழுத்துப் போடாம இருந்திருந்தா வந்திருக்குமான்னு நான் இன்னைக்கும் நினைச்சுப் பாப்பேன்."

சுரேந்திரன் தலையாட்டினான். அங்கே வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் போலும், அதற்கென்றே சிவகுரு சற்று இடைவெளி விட்டார்.

"நேர்ல வந்து அளக்கறோம். ஆனா ஆள் பத்தாதுங்க. டேப்போட பூஜ்யம் முனையைப் பிடிக்கறதுக்குன்னு ஒரு போஸ்ட் உண்டு. பூஜ்யம் பிடிப்பவர். ரிட்டயர் ஆகி ஒம்பது வருசம் ஆச்சு, இன்னும் யாரையும் போடலை. அதனால ஒண்ணுல இருந்து பிடிக்கறோம். ஒண்ணை யாரு வேணாலும் பிடிக்கலாம், தடை கிடையாது. அளந்து முடிச்சு ஒண்ணைக் கழிச்சுக்குவோம். கழிக்கறதுக்குத் தனி ஃபைலு."

"எப்ப வருவீங்க சார்?"

"ஃபைலு முன்னாடி போகட்டுங்க. நாங்க பின்னாடியே வந்துருவோம்."

மூன்று வாரம் கழித்து வந்தார்கள்.

*

அன்று திரையில் 2790. சமையலறைப் பின்கதவு திறக்கும்போது ஈரமண்ணில் உரச ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் தரை, சாப்பிட்ட வயிறு மாதிரி லேசாக மேடு தட்டியிருந்தது.

ஜீப் லைனுக்குள் வந்ததும் சிவகுரு டிரைவரின் தோளைத் தொட்டார். "இங்க வேண்டாம் கண்ணு, சரிவுக்கு ஒட்டாத. அந்தா, மேட்டைத் தாண்டி நிறுத்து. வண்டி கவர்மெண்ட்டோடது." ஜீப் நூறு மீட்டர் தள்ளி, மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி நின்றது. டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை.

பின்பக்கம் வந்தார்கள். சுவரில் இருந்த சென்சாரைப் பார்த்து சிவகுரு புன்னகை செய்தார். பிறகு சரிவுக்குப் பக்கத்தில், கொடிக்குழாய்க்குச் சற்று முன்னால், பாசி படிந்து நின்ற ஒரு கல்லைக் காட்டினார். முழங்கால் உயரம். நெற்றியில் 47 என்று செதுக்கியிருந்தது.

"அளவு இங்கிருந்துதானுங்க தொடங்கும். அங்கீகரிக்கப்பட்ட கல்லு. உங்க சுவரு தனியார் சுவரு. தனியார் சுவத்துல இருந்து கவர்மெண்ட் மலையை அளக்க முடியாது."

"சார், கல்லும் சரிவோட சேந்துதான் வருது," என்றாள் விஜயா. "முந்தி நான் துணி துவைக்கிற கல்லுல இருந்து எட்டி மிதிச்சாத்தான் கால் அதுல படும். இப்ப உக்காந்துட்டே முழங்கை படுது."

"அம்மா, கல்லு நகராதுங்க."

"நகந்திருக்கே சார்."

"நகர்ற கல்லை நாங்க நடறதில்லைங்க."

அளவு நடந்தது. ஒருவர் டேப்பின் ஒன்றைப் பிடித்தார். இன்னொருவர் எதிர்முனையைத் தகரத்தில் வைத்தார். மூன்றாமவர் படித்தார். படிப்பவர் எழுதக்கூடாது என்பதால் சுகந்தி எழுதினாள். எழுதுபவர் டேப்பைப் பார்க்கக்கூடாது என்பதால் அவள் மலையைப் பார்த்துக்கொண்டு எழுதினாள். நான்கு அடி எட்டு அங்குலம். ஒன்று கழிய மூன்று அடி எட்டு அங்குலம்.

பழைய பதிவேட்டைப் புரட்டினார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய மசியில் இருந்தது: மூன்று அடி எட்டு அங்குலம்.

சிவகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா. ஒரு நூல் மாறலை. எங்க பெரியவங்க அளந்து வச்ச அளவுங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சிவகுருவுக்கு அறிவியல் மீது விரோதம் கிடையாது. சென்சாரைச் சுவரிலிருந்து கழற்றி, கல்லின் தலையில் பொருத்தச் சொன்னார். சுரேந்திரன் மறுத்துப் பார்த்தான். மறுப்பதற்கு எதிராக ஏதோ ஒரு சட்டப்பிரிவு இருப்பதாக ஒருவர் சொன்னார். பொருத்தினான்.

திரை ஒரு நொடி யோசித்தது. 1118.

"மில்லிமீட்டருங்களா? நம்ம அளவுக்கு எவ்வளவு வருது?"

சுரேந்திரன் செல்போனில் கணக்குப் போட்டான். "மூணடி எட்டு அங்குலங்க சார்."

யாரோ கைதட்டினார்கள். டிரைவர்தான். தூரத்தில் இருந்ததால் அவருக்கு விவரம் தெரியாது. எல்லோரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துத் தட்டினார்.

*

பத்து நாளில் விழா வைத்தார்கள். மழை வரும் என்பதால் ஷாமியானா. சரிவு இறங்கும் என்பதால் ஷாமியானாவை மேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். பேனரில் இருந்தது: நகராத மலை, நம்பிக்கை அளவை. கல்லுக்கு மாலை. சுரேந்திரனுக்குச் சால்வை.

சிவகுரு பேசினார். "பொதுமக்கள் கருவி கண்டுபிடிக்கறாங்க. வரவேற்கறோம். ஆனா கருவியை எங்க வைக்கணும்கறது நிர்வாகம். சுவத்துல வச்சா பயத்தைக் காட்டுது. கல்லுல வச்சா உண்மையைக் காட்டுது. அதே கருவிதானுங்க. இடம்தான் மாத்தி வச்சோம். இந்த மாவட்டத்துல மலைச்சரிவை நாங்க தடுக்கற விதமே இதுதான்."

கூட்டம் கைதட்டியது. லைன் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள், டிபன் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். தங்கையா சுரேந்திரனின் காதில் சொன்னார்: "சிலோன்ல துரைமாரு இருந்தாங்க. அவனுங்க ஏய்க்கிறப்போ ஏய்க்கிறது அவனுங்களுக்கே தெரியும். இவனுங்களைப் பாத்தா அப்படித் தோணலியே தம்பி."

அன்றிலிருந்து சென்சார் அரசு உடைமை. சுரேந்திரனுக்குக் கௌரவப் பொறுப்பு: தினமும் காலை பத்தரைக்கு அலுவலகத்திலிருந்து போன் வரும், அவன் நம்பரைச் சொல்ல வேண்டும்.

"அண்ணா, இன்னைக்கு?" சுகந்தி கேட்பாள்.

"ஆயிரத்து நூத்திப் பதினெட்டு."

"மாத்தமில்லைன்னு எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்கம்மா."

ஐப்பசி மழை பிடித்தது. விஜயா கொடியை ஒன்பதாவது முறை கட்டினாள். பின்கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பிரியா சமூக அறிவியல் புத்தகத்தோடு முன்வாசல் பக்கம் ஒடுங்கிக்கொண்டாள். மூவரும் தலையை முன்பக்கம் மாற்றிப் படுத்தார்கள். மலை வந்தால் முதலில் கால்தான் என்றாள் பிரியா. யாரும் சிரிக்கவில்லை, யாரும் அதட்டவுமில்லை.

ஆயிரத்து நூத்திப் பதினெட்டு. எழுதிக்கட்டுங்களா. எழுதிக்கம்மா.

சுரேந்திரனுக்குள் ஏதோ மரத்துப்போனது. ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவன் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி. ஒரு நாள் தொழிற்சாலையிலிருந்து இரும்பு டேப் கொண்டுவந்து, வீட்டுச் சுவருக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்தான். சென்சாரை மாற்றிய அன்று, 2790-இல் 1118 போக, அது 1672. இப்போது 1240.

இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினான்.

*

சிவகுரு தாளை வெகுநேரம் பார்த்தார். வெளியே மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது.

"கல்லுக்கும் மலைக்கும் நடுவுல மாத்தமில்லை."

"இல்லைங்க சார்."

"கல்லுக்கும் ஊட்டுக்கும் நடுவுல நானூத்திச் சொச்சம் குறைஞ்சிருக்குது."

"ஆமாங்க சார்." சுரேந்திரன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். புரிந்துகொண்டுவிட்டார்.

"கல்லு நகராது. அது சட்டம். மலை நகரலை. அது உங்க கருவியே சொல்லுது." சிவகுரு தாளை மடித்தார். "அப்ப நகந்தது ஊடுதானுங்க தம்பி."

சுரேந்திரன் மடித்த தாளை வாங்கக் கை நீட்டினான்.

"ஏனுங்க, உங்க ஊடு அரசு நிலத்தைப் பாத்து ரெண்டு சாணுக்குக் கிட்ட போயிருக்குது. இதை நான் விசாரிக்க முடியாதுங்க. நான் சரிவுப் பிரிவு. இது ஆக்கிரமிப்புப் பிரிவு."

"அது எங்கிருக்குங்க சார்?"

"பக்கத்து நாற்காலி."

சிவகுரு எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து, அடுத்திருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆக்கிரமிப்புப் பிரிவு அவரிடம் கூடுதல் பொறுப்பாக இருந்தது. மப்ளரை அவிழ்த்து மேஜையில் வைத்தார். முகம் இறுகியது. குரலில் இருந்த கனிவு பழைய நாற்காலியிலேயே தங்கிவிட்டது.

"யாரய்யா நீ?"

"நான்தாங்க சார், இப்ப..."

"பேரு?"

"சுரேந்திரன்."

"வீடு நகத்தினது நீயா?"

சுரேந்திரன் சுகந்தியைப் பார்த்தான். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குள் மரத்துப்போன இடத்தில் ஒரு யோசனை மெதுவாக, மின்சாரம் விட்டுவிட்டு வரும் வீட்டில் டியூப்லைட் பிடிக்கிற மாதிரி, இரண்டு மூன்று முறை துடித்துப் பிறகு எரிந்தது.

"சார், ஆக்கிரமிப்புன்னா என்ன பண்ணுவீங்க?"

"இருபத்திநாலு மணி நேரத்துல காலி பண்ணிருவோம். சரிவுப் பிரிவு மாதிரி ஆடி அசைஞ்சு வர மாட்டோம். அந்த ஆளு ஒரு சோம்பேறி."

"காலி பண்ணின பொறகு எங்களை எங்க வைப்பீங்க?"

"விசாரணை முடியற வரைக்கும் நீயும் குடும்பமும் எங்க பார்வையில இருக்கணும். கீழ மூடிக் கெடக்கற ஸ்கூல்ல வச்சு, பூட்டும் சாவியும் குடுப்போம்."

"சார், நான் ஒத்துக்கிறேன்."

"எதை?"

"வீட்டை நகத்தினதை."

சிவகுரு நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்வீஸில் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. சுகந்தி புதுத் தாள் எடுத்தாள்.

"எப்படி நகத்தினே?"

"கொஞ்சங் கொஞ்சமாங்க சார். தினம் ஆறு மில்லிமீட்டர்."

"கூட யாரு?"

"சம்சாரம். கொடிக்கயித்தைப் புடிச்சு இழுத்தா."

"எதுக்கு?"

இதற்கு சுரேந்திரன் தயாராக வரவில்லை. "வெயிலுக்குங்க. பின்பக்கம் கொஞ்சம் வெயில் வரும்."

"வெயிலுக்காக அரசு நிலம்." சிவகுரு தலையை மெல்ல ஆட்டினார். "எழுதிக்கம்மா. பின்பக்கம் வெயில் வேண்டி, தினசரி ஆறு மில்லிமீட்டர் வீதம், மனைவியின் ஒத்தாசையுடன், திட்டமிட்டு." கொஞ்சம் யோசித்தார். "ராத்திரியிலயா, பகல்லயா?"

"ரெண்டு வேளையுங்க சார்."

கையெழுத்துப் போட்டான். வெளியே வரும்போது சுகந்தி தாழ்வாரம் வரை வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, நாளைக்கு வெள்ளனவே வந்துருவாங்க. பாத்திரம், புள்ளை புஸ்தகமெல்லாம் மூட்டை கட்டி வச்சிருங்க. ஜப்தி லிஸ்ட்டுல நான் அதைச் சேக்கலை."

*

சரிவுப் பிரிவுக்கு மூன்று வாரம் பிடித்த தூரத்தை ஆக்கிரமிப்புப் பிரிவு பதினாறு மணி நேரத்தில் கடந்தது. இரண்டு லாரி, பன்னிரண்டு ஆட்கள், அதே ஜீப். ஜீப் அதே மேட்டுக்கு அந்தப் பக்கம். பீரோ, கட்டில், கிரைண்டர், சாமி படம் எல்லாம் அரசுக் கைகளால் தூக்கப்பட்டு, நம்பர் ஒட்டப்பட்டு, பள்ளிக்கூடத்துக்கு இறங்கின. லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது. தங்கையா மட்டும் வந்து விஜயாவிடம் குடையைக் கொடுத்தார்.

"நல்லா மாட்டிக்கிட்டீங்க புள்ள," என்றார். முகத்தில் ஒன்றுமே தெரியாமல்.

"ஆமா மாமா. வகையா மாட்டிக்கிட்டோம்."

சென்சார் அரசு உடைமை என்பதால் கல்லிலேயே விட்டுவந்தார்கள். கௌரவப் பொறுப்பும் தொடர்ந்தது. சுரேந்திரன் காலையில் மேலேறிப் போய் நம்பரைப் பார்த்து வந்து போனில் சொல்ல வேண்டும். லைன் வீட்டுக்காரர்களையும் அவனும் தங்கையாவும் பேசி, வரிசையின் மேல்கோடிக்கு, மேட்டுப் பக்கம் ஒதுங்கச் செய்திருந்தார்கள்.

வகுப்பறையில் விஜயா கொடி கட்டினாள். ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு. கரும்பலகையில் யாரோ எப்போதோ எழுதிய ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்து நின்றது.

மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மலை வந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. லாரியில் இலை மூட்டையை இறக்குகிற மாதிரி ஒரு சத்தம், அதன்பிறகு ஓடுகள் நொறுங்கும் சத்தம், அதன்பிறகு மழை. பதினொன்றாம் நம்பர் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மற்ற பத்தும் அப்படியே நின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரியா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, கால் பக்கம்தான் வந்திருக்கும் என்றாள். விஜயா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பத்தாவது படிக்கிற பெண், மடியில் கொள்ளவில்லை.

மறுநாள் சிவகுரு வந்தார். எந்த நாற்காலியிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை, மப்ளர் இருந்தது. முழங்கால் சேற்றில், தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு, சுரேந்திரன் அவரைக் கீழே கூட்டிப்போனான். வீட்டைத் தாண்டி அறுபது அடிக்குக் கீழே கிடந்தது நாற்பத்தேழாம் நம்பர் கல். நேராகவே நின்றது. சரிவு ஒரே பாளமாக வழுக்கி வந்திருந்ததால், எதிரே வெள்ளைத் தகரமும் அதே மாதிரி நின்றது. கல்லின் தலையில் போர்டு சேற்றுக்குள்ளிருந்து மினுக்கியது.

சிவகுரு தம் கைக்குட்டையால் திரையைத் துடைத்தார்.

1118.

"நான்தான் சொன்னேனுங்களே தம்பி," என்றார். "ஒரு மில்லி மாறலை."

பிறகு திரும்பி மேலே, வெறும் மண்ணாக இருந்த இடத்தைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவர் எந்தப் பிரிவிலும் இல்லாதவர் போல இருந்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார்.

"ஊடு எங்கீங்க?" என்றார்.

*

சிவகுரு வந்துபோன நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. சுரேந்திரன் வகுப்பறை வாசலில் நின்று படித்தான். மழை விட்டு, இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது. விஜயா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"விசாரணை பதினாலாம் தேதி. ஆக்கிரமிப்புப் பொருளான வீட்டை அன்னைக்கு ஆஜர்படுத்தணுமாம். அறிவிப்பில்லாம திரும்பவும் நகத்தினதுக்கு விளக்கமும் தரணுமாம்."

விஜயா புடவையை உதறினாள். "காந்தலுக்கா கொண்டுபோகணும்?"

"ஆமா. பத்தரைக்கு."

அப்போது போன் அடித்தது. சுகந்தி. அதே பத்தரை.

"அண்ணா, நோட்டீஸ் வந்துச்சுங்களா?"

"வந்துச்சும்மா. வீட்டை நான் எங்கிருந்து கொண்டு வரட்டும்?"

"கொண்டு வரலைன்னா விசாரணை நடத்த முடியாதுங்க அண்ணா. வாய்தா போட்டுருவாங்க. அடுத்த தேதியிலயும் இல்லைன்னா மறுபடியும் வாய்தா. விசாரணை முடியற வரைக்கும் நீங்க அந்த ஸ்கூலை விட்டு நகரக்கூடாது. அதுதானுங்க ரூலு." குரலைத் தணித்தாள். "அந்த ஃபைலு என் டேபிள்லதான் இருக்குது. சரி, இன்னைக்கு ரீடிங் சொல்லுங்க."

அவன் மேலேறிப் போகவில்லை. வகுப்பறைக்குள் பார்த்தான். விஜயா ஈரப் போர்வையைத் தூக்கிக் கொடியில் போட்டாள். கயிறு ஒருமுறை அசைந்து நின்றது. தொய்யவில்லை.

"ஆயிரத்து நூத்திப் பதினெட்டு."

"மாத்தமில்லைன்னு எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்கம்மா."

போனை வைத்தான். விஜயா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"வீடு கிடைக்கிற வரைக்கும் இங்கதான் இருக்கணுமாம்."

விஜயா ஜன்னல் வழியே மேலே பார்த்தாள். பிறகு வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.

"அப்போ அந்தப் பக்கம் போயி எதையும் தேடாதீங்க," என்றாள்.